எழுபத்தைந்து நிமிஷத்தில் மதுரை

சென்னை விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் போனால் சுமார் 418 கிலோமீட்டர். யாரையும் கேட்டு எழுதியதல்ல, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானே போட்டுப் பார்த்தது. மீனம்பாக்கம் ஏறத்தாழ 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. மதுரை பத்து டிகிரிக்குச் சற்றுக் கீழே. ஒரு டிகிரிக்கு 60 கலை. ஒரு கலைக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். இதை 1929-இல் மொனாகோவில் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். ஆக மதுரை நமக்குத் தெற்கே 190 கடல் மைல், மேற்கே 122 கடல் மைல். மீதியைப் பிதாகரஸ் பார்த்துக்கொள்வார். பூமி உருண்டை என்பதால் அவருக்கு இங்கே முழு அதிகாரம் கிடையாது. இருந்தாலும் மதுரை வரைக்கும் அவரை நம்பலாம்.

என் மனைவி நோட்டை வாங்கிப் பார்த்தாள். "இந்த 190 எந்த மாசத்துப் பாக்கிங்க?" என்றாள்.

அமெரிக்கா தூரத்துக்குப் பிதாகரஸ் உதவமாட்டார் என்பதை என் மகளுக்கு விளக்க ஒரு பரங்கிக்காயும் கொஞ்சம் நூலும் எடுத்துக்கொண்டேன். சுவரில் மாட்டிய வரைபடத்தில் சென்னையிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்குக் கோடு போட்டால் பசிபிக் கடலின் குறுக்கே போகும். உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தாலோ அது விறுவிறுவென்று வடக்கே ஏறி, சைபீரியா வழியாக ஆர்க்டிக் வட்டத்தை உரசிவிட்டுத்தான் இறங்கும். அதுதான் குறுக்குவழி. மகள் உண்மையிலேயே ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாம்ப்பா, நூல் காம்புகிட்ட போகுது" என்று அவள் சொன்ன நேரத்தில் என் அம்மா வந்து காயை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைய சாம்பாரில் சைபீரியா நன்றாக வெந்திருந்தது.

இந்த 418-இல் ஒரு விஷயம் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் என்று சொல்கிறோமே, விமான நிலையத்தில் எங்கிருந்து? டாக்ஸி நிற்கும் இடத்திலிருந்தா, இட்லியை அநியாய விலைக்கு விற்கும் இடத்திலிருந்தா? இரண்டும் இல்லை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஓர் அடையாளப் புள்ளி குறித்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது ஓடுபாதைப் பகுதியின் நட்ட நடுவே விழும். அங்கே பயணி யாரும் போய் நிற்க முடியாது. நின்றால் அப்புறம் வேறு மாதிரிப் பயணம் போகவேண்டியிருக்கும். ஆகவே உலகத்து விமானத் தூரம் எல்லாமே யாரும் இல்லாத ஓரிடத்தில் தொடங்கி யாரும் இல்லாத இன்னோரிடத்தில் முடிகிறது. அம்பத்தூரில் குடியிருந்துகொண்டு மதுரை திருப்பாலையில் மச்சினன் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் போகிற ஒருவன் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கவேண்டும்.

தை மாதம், வியாழக்கிழமை அதிகாலை முகூர்த்தம். புதன்கிழமையே போய்விடவேண்டும் என்பது வீட்டில் ஒருமனதாக முடிவானது. எப்படிப் போவது என்பதிலும் என்னைத் தவிர எல்லாரும் ஒருமனதாகத்தான் இருந்தார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியற்காலை மதுரை. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்றாள் மனைவி. நான்தான் நேரம் மிச்சமாகும் என்று விமானத்தில் நின்றேன். மிச்சமாகும் நேரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் பால் நோட்டைத்தான் காட்டவேண்டும்.

எதிர்வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் விமானத்தில் போகிறேன் என்பதைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டார். "1977 ஆகஸ்ட் 15-ஆம் தேதி வைகையை விட்டான் சார். மீட்டர் கேஜ்! அந்தக் குட்டித் தண்டவாளத்துலயே ஏழு மணி சொச்சத்துல மதுரை. இப்போ தேஜஸ் ஆறரை மணிக்குள்ள போறான். 2024-லேருந்து நாகர்கோவில் வந்தே பாரத் அஞ்சரை மணி சொச்சத்துல மதுரையத் தொடறான். உங்க ஃபிளைட் என்ன சார் பெருசா?"

"418 கிலோமீட்டர். மணிக்கு 830 கிலோமீட்டர் வேகம். அரை மணி நேரம்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "டிக்கெட்டக் காட்டுங்க" என்றார்.

டிக்கெட்டில் ஒரு மணி 15 நிமிடம் என்று போட்டிருந்தது. ரயில்வேக்காரர் எதுவும் சொல்லவில்லை. கார்டு வேலை பார்த்தவர்களுக்குப் பச்சைக் கொடியை எப்போது ஆட்டக்கூடாது என்றும் தெரியும்.

மீதி முக்கால் மணி நேரம் எங்கே போயிற்று என்று அன்று இரவே துருவ ஆரம்பித்தேன். டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரமே இல்லை. புறப்படும் இடத்தில் சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுக்கும் நொடியிலிருந்து, இறங்கிய இடத்தில் மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் நொடி வரைக்குமான நேரம். இதில் விமானம் தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போவது, முன்னால் நிற்பவர்களுக்கு வழிவிடுவது, மேலே ஏறுவது, இறங்குவதற்காகச் சுற்றிக்கொண்டு வருவது எல்லாம் அடக்கம். அதற்கு மேல், எதற்கும் இருக்கட்டும் என்று நிறுவனங்கள் சில நிமிடங்களைச் சேர்த்துப் போடுவது இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம். அதனால்தான் தாமதமாகக் கிளம்பிய விமானமும் சில நாள் "குறித்த நேரத்துக்கு முன்பாகவே வந்து சேர்ந்துவிட்டோம்" என்று பெருமையோடு அறிவிக்கிறது. நேரத்துக்கு வந்ததா இல்லையா என்று பார்க்கும்போதும் 15 நிமிடம் வரை சலுகை உண்டு. அதற்குள் வந்துவிட்டால் அது தாமதக் கணக்கில் சேராது.

இந்தக் கடைசித் தகவலை மனைவியிடம் சொல்லியிருக்கவேண்டாம். "அப்படியா?" என்றாள், புடவைக்குக் கொசுவம் வைத்தபடி. "உலகம் பூரா அதான் சட்டமா? அப்ப நான் இதுவரைக்கும் ஒரு தடவகூட லேட்டா கிளம்பினது கெடையாது."

நிமிடங்களைச் சேர்ப்பதில் விமான நிறுவனம் வெறும் கத்துக்குட்டி என்பது எங்கள் வீட்டைப் பார்த்தால் தெரியும். விமானம் காலை 10.20-க்கு. இரண்டு மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள் என்கிறார்கள். செக்-இன் கவுன்டரை ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள் என்பது வேறு. அம்பத்தூரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு மணி நேரம், கத்திப்பாராவில் கொஞ்சம் மாட்டினால் ஒன்றரை. என் குடும்பத்தாரை நான் அறிவேன் ஆகையால் விமானம் 9.50-க்கு என்று சொல்லிவைத்தேன். நான் அரை மணி கூட்டித்தான் சொல்வேன் என்பது மனைவிக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆகவே இன்னும் கொஞ்சம் கூட்டி 9.20 என்று திருத்தினேன். அவள் என் போனை எடுத்து டிக்கெட்டைப் பார்த்துவிட்டாள். அப்புறம் என் கணக்கில் ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொண்டு, என் மகளிடம் மட்டும் அரை மணி கூட்டிச் சொல்லியிருக்கிறாள். மகள் எங்கள் இரண்டு பேரையுமே நம்பாமல் அலாரத்தை அவளுக்குத் தோன்றின நேரத்துக்கு வைத்தாள். ஒரு வீட்டில் நான்கு பேர், நான்கு விமானம்.

நான்காவது விமானம் அம்மாவுடையது. அது பஞ்சாங்கப்படி புறப்படுவது. புதன்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது எமகண்டம். அதற்கு முன் வாசற்படி தாண்டிவிடவேண்டும், இல்லையென்றால் ஒன்பதுக்கு மேல்தான். ஒன்பதுக்கு மேல் என்றால் விமானத்தை ஓடுபாதையின் அடையாளப் புள்ளியில் நின்று கையசைத்து வழியனுப்பலாம். "நீ கவலப்படாதடா, பரஸ்தானம் வச்சுடறேன்" என்றாள் அம்மா. தெரியாதவர்களுக்காக: நல்ல நேரத்தில் புறப்பட முடியாது என்று தோன்றினால், பயண மூட்டையில் ஒன்றை முன்கூட்டியே நல்ல நேரம் பார்த்து வேறு ஒருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்த நொடியிலிருந்து பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு நீங்கள் எப்போது வேண்டுமானாலும் உங்கள் உடம்பை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். விமானக்காரர்களின் முட்டுக்கட்டைக் கணக்கைவிட இது எவ்வளவோ நுட்பமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அம்மா ஒரு மஞ்சள் பையை எதிர்வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு வந்தாள். சாஸ்திரப்படி நாங்கள் மதுரைக்குக் கிளம்பியாயிற்று. லௌகீகப்படி துணியே இன்னும் காயவில்லை.

ஆளுக்குப் பதினைந்து கிலோ பெட்டி, ஏழு கிலோ கைப்பை. மச்சினனுக்குச் சீராக ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு எடுத்து வைத்திருந்தாள் மனைவி. அவள் தம்பி ஒருவன்தான், அவன் வீடு ஒன்றுதான், இதில் எடை பார்த்தால் ஊர் என்ன சொல்லும்? எடை பார்க்கும் இயந்திரத்தில் பெட்டியை மட்டும் வைத்தால் முள் தெரியாமல் மறைத்துக்கொண்டது. ஆகவே முதலில் நான் ஏறி நின்று, பிறகு பெட்டியோடு ஏறி நின்று, கழித்துப் பார்ப்பது என்று முடிவு. விஞ்ஞானப்பூர்வமான முறை. இதில் ஒரே குறை, முதல் எண்ணை உரக்கச் சொல்லவேண்டியிருப்பது. பெட்டி பதினெட்டு கிலோ என்பதை எல்லாரும் அந்தக் கணமே மறந்துவிட்டார்கள். கழிக்கப்பட்ட எண்ணைப் பற்றித்தான் ராத்திரி சாப்பாடு வரைக்கும் பேச்சு. மூன்று கிலோ குறைக்கவேண்டும் என்றேன். "பெட்டியிலயா?" என்றாள் அம்மா.

புதன்கிழமை காலை 7.20-க்கு டாக்ஸி நகர்ந்தது. எமகண்டத்துக்கு முன்பே! என் வாழ்நாள் சாதனையாக அதை நினைத்துக்கொண்டிருந்தபோது கேஸை மூடினோமா என்ற கேள்வி எழுந்தது. மூடினோம். இஸ்திரிப் பெட்டி? அணைத்தோம். பூட்டை இழுத்துப் பார்த்தீர்களா? தொங்கிப் பார்த்தேன். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா ஒரு சின்ன விமானத்தைப் பம்பாய்க்கு ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அதை மெட்ராஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இந்திய விமானப் போக்குவரத்தின் தொடக்கம் அதுதான். அதில் இருந்தவை தபால் பைகள் மட்டும். தபால் பை கேஸை மூடினோமா என்று பாதி வழியில் கேட்காது. விமானத் தொழில் அப்படியே தபாலோடு நின்றிருக்கலாம் என்று எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு.

மதுரவாயல் தாண்டும்போது போன் அடித்தது. எதிர்வீட்டுக்காரர்.

"சார், கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பி பாதி தூரம் வந்தாச்சு சார்."

"அப்படியா. உங்க பயணம் இங்க எங்க வீட்டுக் கூடத்துல இருக்கே சார்."

பரஸ்தானப் பையை எடுக்காமல் போனால் என்ன ஆகும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறதா தெரியாது. அம்மாவின் முகத்தில் போட்டிருந்தது. டாக்ஸி திரும்பியது. பையை எடுத்துக்கொண்டு மறுபடி புறப்படும்போது மணி 7.55. எமகண்டத்தின் பிரதான பாகம். "ஆத்துக்குள்ள போகல, வாசல்லேருந்துதான வாங்கினோம், பரவால்ல" என்று அம்மா தனக்குத்தானே ஒரு தீர்ப்பு சொல்லிக்கொண்டாள். மேல்முறையீடு செய்ய யாருக்கும் தைரியம் இல்லை.

ரயில்வேக்காரர் வாசலில் நின்று கையசைத்தார். அவர் சிரித்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1908-இல் எழும்பூர் நிலையத்தைக் கட்டியவர்கள் ஊருக்குள்ளேயே கட்டினார்கள் என்றும், மதுரை ஜங்ஷனில் இறங்கினால் மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம் என்றும் முந்தின நாள் அவர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். ரயில் வந்த காலத்தில் ஊரின் நடுவில் இடம் இருந்தது. விமானம் வந்தபோது ஊரை விட்டு வெளியே மீனம்பாக்கத்தில்தான் இடம் கிடைத்தது. அதற்கு விமானம் என்ன செய்யும்? நான் அம்பத்தூரில் மனை வாங்கியதற்கும் அது பொறுப்பல்ல. அன்று காலை டாக்ஸி போன வேகம் மணிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே. சைக்கிளில் ஒருவர் கேன் தண்ணீர் வைத்துக்கொண்டு எங்களைக் கத்திப்பாரா வரைக்கும் துணைக்குக் கூட்டிவந்தார்.

கவுன்டர் மூடுவதற்கு முன் போய்விட்டோம். என் பெட்டி மட்டும் எடை கூடுதல் என்று, அங்கேயே திறந்து, ஒரு குத்துவிளக்கை மகளின் பெட்டிக்கு மாற்றினோம். பின்னால் நின்ற இளைஞன் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான். பாதுகாப்புச் சோதனையில் எல்லார் பையும் போயிற்று. மஞ்சள் பை மட்டும் நின்றது.

உள்ளே ஒரு தேங்காய். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு எப்போதோ எனக்காக வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து பூஜை அறையில் தொங்கவிட்டது. பல காலம் தொங்கி உள்ளே தண்ணீர் வற்றி, ஆட்டினால் லொடலொட என்று சத்தம் போடும். அதாவது கொப்பரை. எண்ணெய் மிகுந்த சரக்கு என்பதால், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருட்களின் வரிசையில் கொப்பரையைச் சர்வதேச விதிகள் வைத்திருக்கின்றன. சபரிமலைக்குப் போகிறவர்களின் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோவதற்கே 2024-இல் தனியாக அனுமதி கொடுத்தார்கள், அதுவும் 2025 ஜனவரி 20 வரை என்று கெடு வைத்து. கருப்பசாமிக்கு அப்படி எந்தச் சலுகையும் அறிவித்ததாகத் தெரியவில்லை.

"தீப்பிடிக்குமா?" என்றாள் அம்மா. "சாமி விளக்குக்கு மேலயே இத்தன வருஷமாத் தொங்குது. பிடிக்கலையே?"

இதை இந்தியில் மொழிபெயர்க்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். அந்தப் பாதுகாப்பு வீரர் பொறுமையாக, மரியாதையாக, ஆனால் முடியாது என்று தலையசைத்தார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். சீருடை, தொப்பி, மீசை. தேங்காயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் விவரம் புரியாமலே அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கருப்பன் காவல் தெய்வம்தான? காவக்காரர்கிட்டக் குடுத்தாச்சு. கணக்குத் தீர்ந்துது" என்று அம்மா நடக்க ஆரம்பித்தாள். அவளுடைய பயணத்தின் முக்கியமான வேலை சென்னையிலேயே முடிந்துவிட்டது. எனக்காக என்ன வேண்டிக்கொண்டாள், அது நடந்ததா என்று கேட்டேன். "அரையும் குறையுமா நடந்துது" என்றாள்.

விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. சென்னையின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07 என்றும் மறு முனையில் 25 என்றும் பெயர். திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி என்பதன் சுருக்கம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் மேலே ஏறும். தை மாதத்தில் காற்று கிழக்குப் பக்கமிருந்து வருவதால் நாங்கள் கடலைப் பார்த்து ஏறினோம். மதுரை இருப்பதோ தென்மேற்கில், 213 டிகிரியில். கிட்டத்தட்ட முதுகைக் காட்டிக்கொண்டு புறப்பட்டோம் என்று சொல்லவேண்டும். பரங்கிமலை இடது பக்கம் போவதை ஜன்னலில் பார்த்த அம்மா, "ஏண்டா, இது திரும்ப அம்பத்தூருக்குப் போகுதா? அவங்களும் எதையாவது வச்சுட்டு வந்துட்டாங்களா?" என்றாள். நியாயமான சந்தேகம். 418 கிலோமீட்டர் என்ற என் கணக்கில் இந்த வளைவு இல்லை. மதுரையில் ஓடுபாதை கிழக்கு மேற்காக 09, 27 என்று கிடக்கிறது. அங்கேயும் காற்றின் தயவைப் பார்த்து ஒரு பக்கம் சுற்றிக்கொண்டுதான் இறங்கவேண்டும். பிதாகரஸ் மீனம்பாக்கத்தில் யாரையும் வழியனுப்பியதில்லை.

வானத்தில் என்ன நடக்கிறது என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பயணம் இனிமையாகக்கூட இருந்திருக்கும். விமானிகள் இறங்குவதற்கு ஒரு மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். 28,000 அடியில் பறந்தால் 84 கடல் மைலுக்கு முன்பே, அதாவது மதுரைக்கு 155 கிலோமீட்டர் இருக்கும்போதே இறங்க ஆரம்பித்துவிடவேண்டும். ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும். இரண்டையும் 418-இல் கழித்துப் பாருங்கள். நடுவே சமமாகப் பறப்பதற்கு நூறு கிலோமீட்டர் மிஞ்சினால் அதிகம். மதுரை விமானம் என்பது ஏறுவதும் இறங்குவதும்தான். 830 கிலோமீட்டர் வேகத்தை எட்டிப் பிடித்து, சரி இனி பறக்கலாம் என்று அது மூச்சு விடுவதற்குள் திருச்சிக்காரர்கள் தலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கும். பணிப்பெண்கள் பாவம், அந்தச் சில நிமிடத்துக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கப் நூடுல்ஸ் விற்று, சில்லறை கொடுத்து, குப்பையும் வாங்கிக்கொண்டு போய்விடவேண்டும்.

இவ்வளவையும் என் மனைவிக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். அவள் தூங்கிவிட்டாள் என்பது பெல்ட் போடச் சொன்ன அறிவிப்பின்போது தெரிந்தது. விளக்கத்தை வாங்கிக்கொண்டிருந்தவர் நடு இருக்கைக்கு அந்தப் பக்கம் இருந்த அந்நியர். அவரும் என்னைப் போலவே கணக்குப் பேர்வழி. பேருந்தில் போனால் சுங்கச்சாவடியோடு எத்தனை மணி நேரம் என்று ஆரம்பித்தார். எனக்கு உடனே தூக்கம் வந்தது.

பத்து நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். எல்லாரும் மகிழ்ந்து எழுந்து, தலைக்கு மேல் இருந்த பைகளை எடுத்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தபடி நின்றார்கள். கதவு திறக்கவில்லை. முன்னதாகக் கிடைத்த பத்து நிமிடத்தையும் அப்படியே நின்று செலவழித்தோம். மீதியைப் பெட்டி வரும் பட்டை வாங்கிக்கொண்டது. இரண்டாவது குத்துவிளக்கு இருந்த பெட்டி கடைசியாக வந்தது, பெரிய மனிதர்கள் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி.

மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே. திருப்பாலை ஊருக்கு வடக்கே. மச்சினன் வீடு கட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவனியாபுரத்தில் நல்ல மனையாகப் பார்த்துக் கொடுத்திருப்பேன். சுற்றுச்சாலையில் போனால் சீக்கிரம் என்றார் ஓட்டுநர். அப்படிப் போனால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வழியில் வரும் என்று என் மனைவிக்கு அப்போது பார்த்து ஞாபகம் வந்தது. பிறந்த ஊர்க் காற்று பட்டதும் அவளுக்குப் பேச்சே மாறிவிட்டது. "அங்கிட்டுக்கூடித் திருப்புங்கண்ணே, ஒரு எட்டு பூ வாங்கிருவோம்." மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள், அதற்கு முன்னால் என் கைக்கடிகாரம் என்ன செய்யும்? பேரம் பேசி முடித்து அவள் திரும்பி வந்தபோது டாக்ஸி முழுக்க மணத்தது. அதற்கு மட்டும் நான் கணக்கு வைக்கவில்லை.

திருப்பாலை வாசலில் இறங்கும்போது மணி ஒன்றேகால். புறப்பட்டது 7.20. ஆறு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. இதில் சக்கரம் தரையில் படாமல் இருந்தது ஐம்பது நிமிடம் இருக்கும். பரஸ்தானத்திலிருந்து எண்ணினால் முந்தின நாள் சாயங்காலம் புறப்பட்டவர்கள் மறுநாள் மதியம் வந்து சேர்ந்திருக்கிறோம். மாட்டுவண்டிக் காலத்தில் இதைப் போற்றியிருப்பார்கள்.

உள்ளே நுழைந்ததும் மாமனார் வீட்டுச் சொந்தம் மொத்தமும் கேட்ட முதல் கேள்வி: "ஃபிளைட்லயா வந்தீக? எம்புட்டு நேரம்?"

விமானத்தில் வந்தவர்கள் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில் உலகம் முழுக்க ஒன்றுதான். வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினோம் என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொன்னால் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் உள்ளுக்குள் வலிக்கும். ரயிலில் வருகிறவர்களும் யோக்கியர்கள் அல்ல. "ராத்திரி ஏறிப் படுத்தோம், காலைல மதுரை" என்று, தூங்கின நேரத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். முழு நேரத்தையும் மறைக்காமல் சொல்வது பேருந்தில் வருகிறவர்கள் மட்டும்தான், அதுவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன, ஒரு மணி நேரந்தான்" என்றேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். மகள் எதையோ சொல்ல வாயெடுத்து, சுற்றிலும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மச்சினன் அசந்துவிட்டான். "பாத்தீங்களா மாமா, நாங்க அண்ணாநகர்லேருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு போயிட்டு வரவே அம்புட்டு ஆகுது" என்றான். பெரியவர் ஒருவர் காலம் கெட்டுப்போனதைப் பற்றியும், இன்னொருவர் காலம் முன்னேறியதைப் பற்றியும் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு மோர் வந்தது. வெகு நாளைக்குப் பிறகு மாமனார் வீட்டில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. சாய்ந்து உட்கார்ந்து, உயரம், வேகம், காற்றின் திசை என்று இரண்டு விஷயங்களை எடுத்துவிட்டேன்.

மாமியார் சமையலறை நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்தார்.

"ஒரு மணி நேரந்தானா மாப்ள? நான் ஒரு நாளு பூரா அலையணும்ல நெனச்சுக்கிட்டு, நாள் கெழமைக்குக்கூடக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்தேன். மாசி மகம் வருது, அப்புறம் பங்குனி உத்தரம் வருது, சித்திரைல அழகர் ஆத்துல எறங்குறாரு. ஒரு மணி நேரந்தானே, மாசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்க."

"அதுக்கென்னம்மா, வந்துருவோம்" என்றாள் என் மனைவி, நான் மோரை விழுங்கி முடிப்பதற்குள்.